மாஸ்க்குக்குள் விசில்

1. ஓனர் போட்ட சட்டம்

ஊரடங்கு தளர்ந்து, பஸ் ஓடலாம் என்று சொன்ன முதல் நாள். குடவாசல் பஸ் ஸ்டாண்டில் எங்கள் மினி பஸ் புதுப் பெயிண்ட் வாசனையோடு நின்றது. வண்டி சும்மா கிடந்த மாதங்களில் ஓனர் அதற்கு மஞ்சளும் பச்சையுமாக அடித்து வைத்திருந்தார். அத்தனை நாள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குப் படிக்கட்டில் கால் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. கூடவே இன்னொரு யோசனையும் வந்தது. இந்தக் கம்பியை இன்றைக்கு எத்தனை பேர் பிடிக்கப் போகிறார்களோ?

நான் அப்படிப்பட்ட ஆள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். வந்த நாளிலிருந்து டிக்கெட் கிழிப்பது ஒரு வேலை, கவலைப்படுவது இன்னொரு வேலை. டயரைப் பார்த்தால் பஞ்சர் நினைவு வரும். மேகத்தைப் பார்த்தால் வாய்க்கால் கரை ரோடு சேறாகிவிடுமே என்று தோன்றும். எங்கள் டிரைவர் அந்தோணி, "கவலைப்பட ஒண்ணும் கிடைக்கலன்னா அதுக்கும் கவலைப்படுவீங்கண்ணே" என்பான்.

அப்படிப்பட்டவனுக்குக் கொரோனா வந்தால் கேட்க வேண்டுமா? வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். மாஸ்க் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. அன்று காலை ஓனர் போட்ட சட்டம்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

ஓனர் வெளிநாட்டில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு ஊர் திரும்பி வண்டி வாங்கியவர். எதையும் ஒரே தடவைதான் சொல்வார்.

"இங்க பாருய்யா. வண்டி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பினா, திரும்பி வந்து நிக்கிற வரைக்கும் மாஸ்க் மூக்கை விட்டு இறங்கக் கூடாது. செக்கிங்ல மாட்டுனா வண்டி பேரு கெட்டுடும்."

"விசில் ஊதணுமே முதலாளி?"

"ஊது. யாரு வேணாங்குறா?"

அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்டக்டருக்கு நாக்கும் விசில், கையும் விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போ. பின்படிக்கட்டில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியாது. அவனுக்கு விசில்தான் கண். எங்கள் ரூட்டில் நடவு வயலுக்கு நடவு வயல் நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் மாஸ்க்கை இறக்கி ஊதிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். எதால் இறக்குவது? ஊர்ப்பட்ட சில்லறையையும் நோட்டையும் தொட்ட அதே விரலால். நாள் முழுக்க அந்த விரலை மூக்குக்கும் வாய்க்கும் கொண்டுபோவதுதான் பாதுகாப்பா? என் கவலைக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். விசிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஏதாவது வழி செய்து கொடுத்தால் மாஸ்க்கைத் தூக்கத்தில்கூடக் கழற்ற மாட்டேன்.

"ரைட்!" என்று கத்திப் பார்த்தேன். என் குரல் மெலிந்த குரல். துணிக்குள்ளிருந்து கிளம்பி என்ஜின் சத்தத்தில் காணாமல் போனது. தகரத்தைத் தட்டலாம் என்றால் புதுப் பெயிண்ட். ஓனர் அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

2. பெருமூச்சுக்கு நின்ற பஸ்

இரண்டாம் நாள் எனக்கு ஒரு யோசனை உதித்தது. விசிலை வாயில் வைத்து, அதற்கு மேலே மாஸ்க்கைப் போட்டுக்கொண்டால்? கை மூஞ்சிக்கே போக வேண்டாம். மாஸ்க்கும் இறங்காது. போட்டுப் பார்த்தேன். மூக்குக்குக் கீழே ஒரு சின்ன மேடு தெரிந்தது, அவ்வளவுதான். முதல் நடை அருமையாக ஓடியது. இந்த யோசனையை வைத்து எல்லாக் கண்டக்டரையும் காப்பாற்றலாம் என்றுகூட நினைத்தேன்.

மறு நடையில், ஆள் அரவமில்லாத வயல்வெளி நடுவில் வண்டி நின்றது.

"யாருண்ணே இறங்குறது?" அந்தோணி திரும்பிப் பார்த்தான்.

வாயில் விசில் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. யாரும் இல்லை என்று கையை ஆட்டினேன். வண்டி கிளம்பியது. ஒரு மதகு தாண்டியதும் மறுபடி நின்றது.

"அண்ணே, யாரு?"

மறுபடி கையை ஆட்டினேன், வண்டி கிளம்பியது. அப்போதுதான் எனக்கே புரிந்தது. கவலைப்படுகிறவன் பெருமூச்சு விடாமல் இருப்பானா? இத்தனை வருஷமாக நான் விட்ட பெருமூச்சுகள் எல்லாம் காற்றோடு போயின. இப்போது ஒவ்வொன்றும் விசில் வழியாகப் போய் பஸ்ஸை நிறுத்திக்கொண்டிருந்தது.

நடவு ஆட்களோடு தினமும் ஏறும் ராஜாத்தி அக்கா கடைசி சீட்டிலிருந்து சத்தமாகச் சொன்னார்.

"பாவம்டி, கண்டக்டர் வீட்ல என்ன கஷ்டமோ. பாலத்துலேர்ந்து இதோட ரெண்டு தடவை நின்னாச்சு!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததில் பீப் பீப் என்று இரண்டு தடவை ஊதிவிட்டது. நல்லவேளை, வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அடுத்த நாள் அப்படி இல்லை. ஒரு கீரைக்கார அம்மா இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அவர் கூடை சாய்கிறதே என்று பதறி நான் மூச்சை இழுத்து விட்டேன். இழுத்ததில் ஒன்று, விட்டதில் ஒன்று. இரண்டு விசில். அந்தோணி வண்டியை எடுத்துவிட்டான். நான் எட்டி அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். ரோடு முழுக்கக் கீரைக்கட்டு. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் விசிலைக் கழுவி, பழையபடி கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஓனர் சட்டத்துக்காக இன்னொருத்தர் காலை வைத்து விளையாட முடியாது. மறுநாளிலிருந்து மாஸ்க்கை இறக்கித்தான் ஊதினேன். ஒவ்வொரு தடவையும் கையில் சானிடைசர் ஊற்றிக்கொண்டதில் விரல் தோல் உரிந்தது.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு கன்னத்தை உப்பி ஊதுகிற போட்டோ ஒன்று ஓனர் செல்போனுக்குப் போய்விட்டது. யாரோ பைக்கில் வந்தவர் எடுத்தது. ஓனர் ஸ்டாண்டில் காத்திருந்தார்.

"இதாய்யா நான் சொன்னது? கடைசியா சொல்றேன். இன்னொரு தடவை மாஸ்க் இறங்குறதைப் பார்த்தேன், வேற ஆள் போட்டுடுவேன்."

கீரைக்கார அம்மா கதையைச் சொல்லியிருக்கலாம். "சரிங்க முதலாளி" என்று மட்டும் சொன்னேன். மறுபடி வீட்டில் உட்கார வேண்டுமோ என்ற பயம்.

3. செக்கிங்

மறுநாள் காலை ராஜாத்தி அக்கா டிக்கெட் வாங்கும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, மூஞ்சி வாடிக் கிடக்கு?"

"மூஞ்சி எங்கக்கா தெரியுது?"

"கண்ணு தெரியுதுல்ல. சொல்லு."

எப்படியோ சொல்லிவிட்டேன். விசில், கீரைக்கூடை, போட்டோ, வேற ஆள், எல்லாம். அக்கா கூட்டத்தில் எல்லாருக்கும் முந்தானையோ துண்டோ மூக்குக்கு மேலே கட்டியிருக்கும். அந்தத் துணிகளுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு ஜோடிக் கண்கள் என்னையே பார்த்தன.

"இதுக்கா இப்புடி இருக்க? ஊதாம இருந்தா வண்டி போவாதா?"

"எப்படிக்கா போவும்? அந்தோணிக்கு நான் கத்துறது கேக்காது."

"ஓங்குரலு எங்களுக்கே கேக்காது" என்றார் பக்கத்தில் இருந்தவர். மறுபடி சிரிப்பு.

வண்டி மதகடி நிறுத்தத்தை நெருங்கும்போது ரோட்டோரம் ஒரு ஜீப் நின்றது. அதிகாரி ஒருவர் கையைக் காட்டினார். அவருக்குப் பின்னால், பைக்கில் சாய்ந்துகொண்டு எங்கள் ஓனர். செக்கிங் என்று யாரோ சொல்லி ஓடி வந்திருக்கிறார். இரண்டு பேரும் முன்வழியாக ஏறினார்கள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓனர் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"எல்லாரும் போட்டிருக்கீங்க. நல்லது" என்றார் அதிகாரி. "நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கிறேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

எடுக்கச் சொல்ல வேண்டியது நான். என் கை தன்னால் மாஸ்க்குக்குப் போனது. ஓனர் தொண்டையைச் செருமினார். கை நின்றது. மாஸ்க்கை இறக்கினால் வேலை போச்சு. இறக்காவிட்டால் வண்டி நகராது. கையை ஆட்டலாம் என்றால், அந்தோணிக்குத் தெரியாதபடி நடுவில் அதிகாரியும் ஓனரும் மறைத்து நின்றார்கள். "ரைட்" என்று கத்தினேன். அந்தோணி, "என்னண்ணே?" என்றான். மறுபடி கத்தினேன். "கேக்கலண்ணே!" வியர்வை மாஸ்க்கை நனைத்து உதட்டில் உப்புக் கரித்தது.

அப்போது கடைசி சீட்டில் ராஜாத்தி அக்கா குலவை போட்டார்.

நடவு தொடங்கும்போது வயலில் போடுவார்களே, அதே குலவை. அவர் தொடங்கியதும் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தர் வாய்த்துணியும் விலகவில்லை. நாக்கு உள்ளே புரளுவதில் துணி மட்டும் படபடத்தது. அந்தச் சின்னத் தகர டப்பாவுக்குள் அந்தச் சத்தம் எழுந்ததும் எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. அதிகாரி கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்தோணி சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"என்னக்கா? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடா! ரைட்டு! போ!"

அந்தோணி கியரைப் போட்டான். வண்டி நகர்ந்தது. பஸ்ஸில் கைதட்டல்.

ஓனர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது, மாஸ்க் மறைத்திருந்தது. குரல் மட்டும் கேட்டது. "இது என்ன பஸ்ஸா, கல்யாண வீடா?"

அதிகாரியின் கண் ஓரம் சுருங்கியது. சிரிக்கிறார்.

"ஏன் இவங்க குலவை போடுறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜாத்தி அக்கா திறந்துவிட்டார். "அவரு விசிலு ஊதணும்னா மாஸ்க்க இறக்கணும். இறக்குனா வேலை போயிடுமாம். ஊதலன்னா நாங்க எப்ப வயலுக்குப் போறது? அதான் நாங்க ஊதுறோம்."

அதிகாரி ஓனர் பக்கம் திரும்பினார். "ஒரு மணி வச்சுக் குடுத்துடலாமே சார்?"

ஓனர் என்னைப் பார்த்தார். அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே திட்டினார்தான்.

"மணி வேணும்னு ஏன்யா எங்கிட்ட சொல்லல? எனக்கென்ன ஜோசியமா தெரியும்? நீ சரிங்க சரிங்கன்னா, சரியா இருக்குன்னுதானே நினைப்பேன்!"

4. மணி

அன்று மாலையே கடைத்தெருவில் மாட்டுக்குக் கட்டும் வெண்கல மணி ஒன்றை ஓனர் வாங்கி வந்தார். டிரைவர் சீட்டுக்கு மேலே கட்டி, அதிலிருந்து ஒரு நைலான் கயிற்றைக் கூரையோரமாகப் பின்படிக்கட்டு வரை இழுத்துவிட்டான் அந்தோணி. ஒரு இழுப்பு நில், இரண்டு இழுப்பு போ. மாஸ்க் மூக்கிலேயே இருந்தது. நான் எவ்வளவு பெருமூச்சு விட்டாலும் பஸ் நிற்கவில்லை.

முதல் நாள் மணி அடித்ததும், எதிரே ரோட்டில் வந்த மாடு ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது. "சொந்தக்காரன்னு நினைச்சிடுச்சுண்ணே" என்றான் அந்தோணி.

கீரைக்கார அம்மா அந்தக் கயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே நானே அடிச்சுட்டு இறங்கிக்கவா?" என்றார். கூடாதும்மா, கூடவே கூடாது என்றேன்.

கொரோனா ஓய்ந்ததும் மாஸ்க் சட்டம் போய்விட்டது. விசில் திரும்பி வந்துவிட்டது. மணியை மட்டும் ஓனர் கழற்றவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புதிதாக வண்டி ஏறுகிற கண்டக்டர் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். மேலே இருக்கிறவர் போட்ட சட்டம் உங்கள் கைக்கு ஒத்துவராவிட்டால், அன்றைக்கே அவரிடம் போய், எது ஒத்துவரவில்லை, என்ன செய்தால் ஒத்துவரும் என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். நான் ஓனரிடம் சொல்லாமல் விசிலிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி நின்றதுதான் மிச்சம்.

சம்பா நடவு வந்தால் ராஜாத்தி அக்கா கூட்டம் இப்போதும் எங்கள் பஸ்ஸில்தான் ஏறுகிறது. அவர்கள் ஏறினால் நான் விசிலையும் தொடுவதில்லை, கயிற்றையும் தொடுவதில்லை. கடைசி ஆளின் இரண்டு காலும் படிக்கு மேலே வந்துவிட்டதா என்று குனிந்து பார்ப்பேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பேன், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

குலவை கிளம்பும். அந்தோணி கியரைப் போடுவான்.