ஆடும் பல்

பாபநாசத்தில் அருவியில் குளித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லித்தான் கோடை விடுமுறையில் மகளை என் வீட்டுக்காரர் கூட்டிப்போனார். அங்கே அவருடைய அக்கா வீடு. பள்ளிக்கூடம் திறந்தும் பிள்ளை வரவில்லை. விவாகரத்து நோட்டீஸ்தான் வந்தது. அது கிடக்கிறது கழுதை. எனக்குப் பிள்ளை வேண்டும்.

சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் ஏறி வக்கீல் தேடி அலைந்தேன். அண்ணன் காட்டிய முதல் வக்கீல், "பிள்ளைய பெறவு பாத்துக்கிடலாம், முதல்ல அவன் மேல நாலு கேசு போடுவோம்மா" என்று உற்சாகமாகிவிட்டார். "நான் பிள்ளையக் கேக்குதேன், நீங்க சண்டைக்கு ஆள் சேக்குதிய" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினேன். இன்னொருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, பொம்பளைதான் அனுசரித்துப் போகணும் என்றார். அதைச் சொல்ல எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது, அதற்குப் பஸ் ஏறி வர வேண்டியதில்லை.

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை விட்டுத்தான் உட்காருவேன். யாராவது, "உள்ள தள்ளி உக்காருங்க" என்றால் எரிச்சல் வரும். அங்கே அவள் இருக்கிறாளே, இவர்களுக்குக் கண் தெரியவில்லையா என்று தோன்றும். எனக்கே என்னை நினைத்துப் பயமாக இருந்தது.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு பெண் வக்கீல். பேனாவைத் திறக்காமல், "பிள்ளையப் பத்திச் சொல்லுங்க" என்றார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. கொட்டித் தீர்த்தேன். தயிரைத் தொடமாட்டாள், இடி இடித்தால் என் முந்தானைக்குள் வந்துவிடுவாள். "கீழ முன்பல்லு ஒண்ணு ஆடுது மேடம். படுத்துக்கிட்டு நாக்கால ஆட்டிக்கிட்டே கெடப்பா. சும்மா கெடன்னு இப்பவும் அதட்டுதேன்."

அவர் என்னையே பார்த்தார். "ஏம்மா, கோடையில போன பிள்ள. இப்ப ஐப்பசி மழ பெய்யுது. அந்தப் பல்லு விழுந்து புதுசே முளைச்சிருக்கும்லா?" என்று பைய கேட்டார்.

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆனாலும் அவரையே வக்கீலாக வைத்துக்கொண்டேன். என் பிள்ளையை உயிருள்ள பிள்ளையாக நினைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். தீர்ப்பு வரும்வரை கோர்ட்டில் வைத்து அவளைப் பார்க்க அவர்தான் உத்தரவு வாங்கித் தந்தார்.

முதல் தடவை அத்தையோடு வந்தாள். வளர்ந்திருந்தாள். நான் எடுத்துக்கொடுக்காத பாவாடை கட்டியிருந்தாள். மடியில் இருத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். புதுப்பல் கொஞ்சம் கோணலாக, பெரிதாக முளைத்திருந்தது.

"பல்லு எப்ப விழுந்துச்சு தாயி? கூரையில எறிஞ்சியா?"

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "அத்த, எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

கேஸ் நடக்கிறது. வக்கீல் நம்பிக்கையாகத்தான் பேசுகிறார். ஜெயித்தால் வரப்போவது பல் முளைத்தவள். வரட்டும், என் ராசாத்தி நல்லபடியாக வரட்டும். ஆனால் மத்தியானம் கொஞ்சம் கண்ணை மூடினால், பக்கத்தில் ஒருத்தி நாக்கால் பல்லை ஆட்டிக்கொண்டே கிடக்கிறாள். அவளை நான் எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பேன்?