மரத்தில் மாட்டிய வாழைப்பழப் பை

பிள்ளைகளே, நாளை நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் மலையேறப் போகிறீர்கள். மேசையில் பரப்பி வைத்திருந்த தின்பண்டங்களில் வாழைப்பழத்தை மட்டும் நான் எடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்டீர்கள். காரணம் எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதித் தருகிறேன்.

உங்கள் மாமா ஈப்போவில் முடிவெட்டும் கடை போட்டு ஆறு மாதம்கூட ஆகாத நேரம் அது. நாங்கள் இரண்டு பேரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு மலைக்குக் கிளம்பினோம். என்ன எடுத்துப்போவது என்று முதல்நாள் கடையிலேயே வாக்குவாதம். அவர் வறுத்த நிலக்கடலைக் கச்சானையும் நெத்திலியையும் டப்பாவில் போட்டு இறுக மூடினார். நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டினேன்.

“வேணாம் லா மச்சான். கொரங்கு மோப்பம் பிடிச்சிரும்.”

“வந்தா உக்கார வச்சு முடி வெட்டி அனுப்பு.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தத் தெம்பில் பழத்தைப் பைக்குள் திணித்தேன்.

மறுநாள் ஆளில்லாத பழைய ரப்பர் தோட்டத்தில் இளைப்பாற உட்கார்ந்தோம். என் அம்மா பால்வெட்டும்போது எறும்பு ஏறாமலிருக்கச் சோற்றுப் பையைக் கிளையில்தான் மாட்டுவார். நானும் அப்படியே மாட்டினேன். அம்மா பால்வெட்டிய மரவரிசையில், அந்த நிரையில், ஆட்களும் நாய்களும் இருந்தது என் புத்திக்கு எட்டவில்லை.

ஏழெட்டுக் குரங்குகள் சத்தமில்லாமல் இறங்கின. பெரிய கடுவன் ஒன்று பையைக் கிழித்தது. மாமா பையின் வாரைப் பிடித்தார். “விடாத, இழு” என்று நான் கத்தினேன். அது அவருடைய வலது கட்டைவிரலைக் கவ்வியது. அவர் கையை உதற, குரங்கும் கூடவே தொங்கியது. நான் கட்டையால் அதன் முதுகில் அடித்தேன், தலையில் அடித்தேன். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அது விரலை விட்டுக் கீழே விழுந்து, எழ முடியாமல் ஊர்ந்தது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. மறைக்காமல் சொல்கிறேன்.

“போதும் மச்சான், அது விட்டுருச்சு. என் கையப் பாரு.”

அப்போதுதான் பார்த்தேன். விரல் பாதி கிழிந்து, முழங்கை வரை ரத்தம். கத்தரிக்கோல் பிடிக்கிற விரல். என் சட்டையைக் கிழித்துக் கட்டினேன். மலை இறங்கும் வரை அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார், இனிமேல் வெட்ட முடியுமா என்று.

தையலும் ஊசியும் போட்டார்கள். நான்கு மாதம் கடை திறக்கவில்லை. திறந்த அன்று, முதலில் என் தலையில் பார்க்கட்டும் என்று போய் உட்கார்ந்தேன். விரல் சரியாக மடங்கவில்லை. கத்தரிக்கோல் நழுவி என் காதில் பட்டது. “ஆடாத மச்சான்” என்றார். நான் ஆடவே இல்லை. சரி என்று சொல்லி, முழுத் தலையையும் வெட்டி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். என் காதில் நீங்கள் தடவிப் பார்க்கும் தழும்பு அதுதான். இன்றும் அவர் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார், கொஞ்சம் மெதுவாக.

கச்சானை இறுக மூடும் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பையைக் கிளையில் மாட்டாதீர்கள். குரங்கு வந்து பிடித்தால் பையைக் கொடுத்துவிடுங்கள். பசியோடு இறங்கி வாருங்கள், சமைத்து வைக்கிறேன்.