பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவள்

கண்டியில் ஆஸ்பத்திரி கிளினிக்கின் நடைவழியில், சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து, என் பெயரை யாரும் கூப்பிடக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஜெபங்களில் நேர்மையானது அதுதான் என்று நினைக்கிறேன்.

இடது மார்பில், அக்குளுக்குக் கிட்ட, கடலைப் பருப்பளவு கட்டி. குளிக்கும்போது கையில் பட்டது. வலிக்கவில்லை, அதனால் பயமில்லை என்று நினைத்தேன். இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது அப்படி ஒன்று இருந்தால், வலி இல்லாததை நம்பாதீர்கள். நான் ஏழு மாதம் நம்பினேன்.

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. அம்பிட்டியவில் கணவர் ஜேம்ஸுடன் இருக்கிறேன். பதினாறு வருடமாகச் சபை ஊழியக்காரி. வாரத்தில் இரண்டு நாள் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பெண்களைக் கூட்டி வேதம் வாசிப்பேன். நான்கு சேலை, ஒரு ஜோடி செருப்பு. "நம்ம அக்கா தனக்குன்னு எதையும் கேக்கமாட்டாங்க" என்று சபையில் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். உடம்பு சரியில்லை என்று வாய் திறந்தால் அந்தப் பெயர் போய்விடும். மறைத்ததற்கு உண்மையான காரணம் இவ்வளவுதான். அதற்குத் தாழ்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

பயொப்சி (கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) முடிவை யாழ்ப்பாணத்து இளம் டொக்டர் ஒருவர் சொன்னார். புற்றுநோய். அக்குள் வரை பரவியிருந்தது.

"ஏனம்மா இவ்வளவு நாளும் வரேல்லை?"

"ஊழியம் இருந்துச்சு டொக்டர்."

"முந்தியே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். இப்ப மார்பை முழுசா எடுக்க வேணும்" என்றார். கோபமில்லை. எழுதத் தொடங்கிவிட்டார்.

ஜேம்ஸ்தான் கோபப்பட்டார். "ஊருல எல்லாருடைய கஷ்டத்தையும் கேக்குற. எங்கிட்ட சொல்ல ஒனக்கு வாயில்லயா?" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிகளை அவரே மடித்துப் பையில் வைத்தார். இன்று வரை அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை.

மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ (புற்றை அழிக்கும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவது). முடி கொட்டியது. வாயெல்லாம் புண். தண்ணீர்கூடத் துருப்பிடித்த தகரம்போல் ருசித்தது. பார்க்க வந்த போதகரின் மனைவி, "முணுமுணுக்காம எவ்வளவு அழகா சுமக்குறீங்க அக்கா. எங்களுக்கெல்லாம் நீங்க ஒரு சாட்சி" என்றார். வாய்ப் புண்ணால் என்னால் பேச முடியவில்லை. அதை அவர் பொறுமை என்று எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது முறை மருந்தேற்றப் போனபோது பக்கத்துக் கதிரையில் ஒரு பெண் இருந்தாள். மெலிந்த முகம், தலையில் துண்டு. என்னை அடையாளம் கண்டு அவள்தான் முதலில் சிரித்தாள்.

"ஊழியக்காரம்மா, என்னைத் தெரியலயா? புஷ்பம்."

ஹுன்னஸ்கிரியவில் என் ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவள். கொழுந்து பறிப்பவள். இரண்டு வருடத்துக்கு முன், கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மார்பில் ஏதோ இருக்கிறது என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். நான் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். "பொறுத்துக்குங்க. கர்த்தருடைய வேளையில எல்லாம் சரியாகும்" என்றேன். டொக்டரிடம் போ என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் போனபோது கேட்கவும் இல்லை.

அவளுக்கு நோய் எலும்புக்குப் போயிருந்தது.

"ஏன் இவ்வளவு நாள் வரல?" என்று கேட்டேன். என் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வந்தது.

"நீங்க பொறுத்துக்கச் சொன்னீங்களேம்மா" என்றாள். குற்றம் சாட்டும் குரலே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"நான் சொன்னது தப்பு புஷ்பம்."

அவள் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப சொல்றீங்க" என்றாள்.

நான்கு மாதம் கழித்துப் புஷ்பம் இறந்தாள். அடக்கத்துக்குப் போனேன். லய வாசலில் அவளுடைய மூத்த மகள் என்னை நிறுத்தினாள். "ஜெபம் வேணாம்மா. அப்பா கோபமா இருக்காரு. நீங்க போங்க." போனேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

எனக்குச் சிகிச்சை முடிந்ததும் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நான் நோயைச் சுமக்கவில்லை, ஒளித்தேன் என்று சொன்னேன். புஷ்பத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குக் கற்பித்தது ஆண்டவருடைய பொறுமை அல்ல, என்னுடைய வசதி என்றேன். முன் வரிசையில் யாரோ பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் இறங்கி வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என்னை யாரும் பேசக் கூப்பிடவில்லை. கூட்டங்களையும் இளம் சகோதரி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். "நீங்க ஓய்வெடுங்க அக்கா" என்றார்கள்.

விசுவாசம் போய்விட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். போகவில்லை. ஆனால் அது இப்போது இனிப்பதில்லை. மருந்துபோல் விழுங்குகிறேன். நோய்க்கு நன்றி சொல்லச் சொல்கிறவர்களும் உண்டு. சொல்ல மாட்டேன்.

இப்போதும் தோட்டத்துக்குப் போகிறேன், சபை அனுப்பி அல்ல. போன மாதம் வேறொரு லயத்தில் ஒரு பெண் தயங்கித் தயங்கித் தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

"புதன்கிழமை காலையில மொத பஸ்ஸு. நானும் கூட வாறேன்" என்றேன்.

"ஜெபம் பண்ணலயாம்மா?"

"பஸ்ஸுல பண்ணுவோம்."

காலத்தை இப்போது கிழமைக் கணக்கில்தான் எண்ணுகிறேன். மூன்று மாதத்துக்கொரு பரிசோதனை. அதற்கு அப்பால் யோசிப்பதில்லை. 'கர்த்தருடைய வேளை' என்று யாரிடமும் சொல்வதும் இல்லை. அது எது என்று எனக்குத் தெரியாது.

அந்தப் புதன்கிழமை பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்ததால் என் இடது கை வீங்கியே இருக்கும். தூக்கிக் கம்பியைப் பிடிக்க முடியாது. வளைவுகளில் உடம்பு தையல் போட்ட பக்கமாகவே சாயும். அந்தப் பெண்ணுக்கு ஓரமாக ஒரு சீட் கிடைத்தது. நான் அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தவரின் தோளைத் தொட்டேன்.

"எனக்கு ஏலாது. கொஞ்சம் எந்திரிச்சு எடம் குடுங்க" என்று கேட்டேன்.