அத்தை லாரியில் போன நாள்

என் அத்தை புகுந்த வீட்டு வாசலில் லாரியிலிருந்து இறங்கினாள். இதைச் சொன்னால் எங்கள் சொந்தத்தில் இப்போதும் சிரிப்பார்கள். அவளை அழைத்துப் போகக் கார் இல்லாமல் இல்லை. கார் இருந்தது, அப்பா அதை ஓட்டினார். அதனால்தான் லாரி.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட, அப்பாதான் அவளைப் படிக்க வைத்தார். சித்தையன்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை பார்த்தாள். சாயங்காலமானால் பேகம்பூரிலிருந்த எங்கள் சைக்கிள் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு அப்பா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுகொள்வார். அவளுக்கு முப்பது வயது தாண்டிய பிறகும் இந்தக் காவல் தளரவில்லை. வந்த வரனுக்கெல்லாம் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதும் அவர்தான் என்று அம்மா சொல்வாள். ஒருவருக்கு உயரம் பற்றாது, இன்னொருவர் சத்தமாகச் சிரிக்கிறார். கடைசியில் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதும், அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தையே சொல்லிவிட்டாள்: "எனக்கு இவுகளப் பிடிச்சிருக்குண்ணே."

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. சில நாள் கழித்துத் தனிக்குடித்தனம். மாமா முன்னாலேயே போய் வீட்டைக் கழுவிவிட்டுக் காத்திருந்தார். கட்டில், பீரோ, பாத்திரங்கள், தையல் மெஷின் எல்லாவற்றையும் கொண்டுபோக அவரே ஒரு லாரியை அனுப்பியிருந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றக் காலியாகப் போகிற பெரிய லாரி அது. அத்தையின் மொத்த வாழ்க்கையும் அதில் ஒரு மூலையைக்கூட நிறைக்கவில்லை. ஓட்டுநர் மாமாவின் ஊர்க்காரர், அதிகம் பேசாதவர். "நீங்க பொறவால வந்துருங்க, நான் பாத்துப் பாத்துப் போறனுங்க" என்றார்.

அப்பா அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். அப்போதுதான் பழைய மாருதி ஒன்று வாங்கியிருந்தோம். ஊரைத் தாண்டியதும் காரை லாரியின் வாலோடு ஒட்டிவிட்டார். முன்னால் சாலை தெரியவில்லை. மரம், மலை, வானம் எதுவும் தெரியவில்லை. லாரியின் பின்பலகை மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிற வயது. பலகையின் அடியில் பெயிண்ட் உதிர்ந்து மங்கலாக ஒரு வரி இருந்தது. முன் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி எழுத்துக்கூட்டினேன்: "இ-டை-வெ-ளி விட்-டு வ-ர-வும்."

"எம்புட்டு அழகா வாசிக்கிறா பாரு" என்று அப்பா அம்மாவிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். அந்த எழுத்தை வாசிக்கிற தூரத்தில் கார் போவதைப் பற்றி அவர் ஒன்றும் நினைக்கவில்லை.

பின்சீட்டில் என் பக்கத்திலிருந்த அத்தைதான் சொன்னாள். "அண்ணே, செத்தத் தள்ளிப் போங்கண்ணே. பயமா இருக்கு."

"தள்ளிப் போனா எவனாச்சும் நடுவுல பூந்துருவான் தாயி. கயிறு அவுந்து ஏதும் விழுந்தாக்கூட யாருக்குத் தெரியும்? கண்ணு பார்வையில இருக்கணும்ல."

லாரி மெதுவாகப் போனது. சில இடங்களில் காரணமே இல்லாமல் இன்னும் மெதுவானது. "மாட்டு வண்டி ஓட்டுறான்" என்று அப்பா அலுத்துக்கொண்டார். ஆனாலும் ஒட்டுவதை விடவில்லை.

ரெட்டியார்சத்திரம் தாண்டி ஓர் ஓடைப் பாலம். பாலத்துக்கு ஏறுகிற மேட்டில், பழனிக்கு நடந்துபோகிற பக்தர்கள் கூட்டம் ஒன்று காவடியோடு சாலையைக் கடந்திருக்கிறது. லாரி ஓட்டுநருக்கு அது தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பின்பலகை திடீரென்று பெரிதானது மட்டும்தான். அப்பா பிரேக்கை மிதித்தார். அத்தையின் கை என் வயிற்றைக் குறுக்காக இறுக்கிப் பிடித்தது. ஏதோ நொறுங்கும் சத்தம். கண்ணைத் திறந்தபோது காரின் மூக்கு லாரிக்கு அடியில் போயிருந்தது. முன்கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் லாரியின் இரும்புச் சட்டம் நின்றது.

அம்மாவுக்கு நெற்றியில் இடித்து வீங்கியிருந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பா சாவியைத் திருகினார், கார் உறுமிவிட்டு அடங்கியது. எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் முட்டுகிற மாதிரி வந்து நின்றுவிட்டது. அப்பா ஹாரனை அழுத்தினார். பஸ்காரரும் அழுத்தினார். முன்னால் மேளமும் "அரோகரா"வும். அதில் எங்கள் ஹாரன் யார் காதில் விழும்? மேட்டில் நிற்கிற லாரி கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் உருண்டுதான் கிளம்பும் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் முகம் வெளுத்துப்போனதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அத்தை கதவைத் திறந்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லாரியின் பக்கவாட்டில் ஓடினாள். வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாதவள் என்று பெயர் எடுத்தவள், ஓட்டுநரின் கதவை இரண்டு கையாலும் அடித்து, "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க, உள்ள பிள்ள இருக்கு" என்று கத்தியது எனக்கே கேட்டது.

ஓட்டுநர் சக்கரத்துக்குக் கல்லைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தார். காரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். இடித்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஏனுங்க, நீங்க இங்கயா இருந்தீங்க? கண்ணாடியில காரையே காணமேன்னு வழி பூரா மெதுவா உருட்டிக்கிட்டு வந்தனுங்க. எங்கயோ நின்னுட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஒரு நிமிசங்கூட உங்கள விடலையே" என்றார் அப்பா.

"அதுதானுங்க" என்றார் ஓட்டுநர்.

பஸ் கொஞ்சம் பின்வாங்கி இடம் விட, காவடி எடுத்து வந்தவர்களில் சிலரும் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் சேர்ந்து காரைப் பின்னால் தள்ளினார்கள். ஒரு விளக்கு உடைந்து, பானெட் மடங்கியிருந்தது. ஆனால் கார் கிளம்பியது. அப்பா அத்தையிடம் ஏறச் சொன்னார். அத்தை ஏறவில்லை.

"நான் லாரியில வாரேண்ணே."

"புதுப்பொண்ணு லாரியிலயா போயி எறங்குவ? பாக்கிறவுக என்ன சொல்லுவாக?"

"சாமானுக்குத் தொணையா ஒரு ஆள் வேணும்னுதானண்ணே இம்புட்டுப் பாடு? நான் கூட இருந்து பாத்துக்கிறேன். நீங்க தள்ளி வாங்க. எவன் நடுவுல வந்தாலும் வரட்டும்."

அப்பா தங்கையை நிமிர்ந்து பார்த்தார். அவள் அப்படி அவரிடம் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். என்னை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "பிள்ளையையும் கூட்டிக்க" என்றார்.

லாரியில் உட்கார்ந்ததும் உலகமே திறந்துகொண்டது. சாலை தெரிந்தது, தென்னந்தோப்புகள் தெரிந்தன, தூரத்தில் மலை நீலமாக இருந்தது. அத்தை ஜன்னலோரக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் கார் வெகு தூரத்தில் ஒற்றைக் கண்ணோடு சின்னதாக வந்துகொண்டிருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் இடையில் நுழைந்தது. அப்பா விட்டுக்கொடுத்தார். பிறகு ஒரு வேன். அதையும் விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா நம்மள விட்டுட்டுப் போறாக அத்தை. ஒங்க மேல கோவம்."

"கோவமில்லடி. இப்பத்தான் ஒங்கப்பா நல்லாத் தெரியிறாக" என்றாள் அத்தை. அவள் கண்ணும் ஈரமாக இருந்தது, உதடு சிரித்தது. இதில் எதை நம்புவதென்று எனக்கு விளங்கவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் மாமா வாசலில் நின்று காரைத் தேடிக்கொண்டிருந்தார். லாரிக் கதவு திறந்து பட்டுச்சேலை தெரிந்ததும் ஒரு கணம் திகைத்தார். உள்ளே ஓடி ஒரு முக்காலியை எடுத்துவந்து அத்தையின் காலடியில் போட்டார். "மெதுவா எறங்குங்க" என்று சத்தமாகச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருவரும் உள்ளே போனார்கள்.

அப்பா கொஞ்சம் கழித்து வந்து சேர்ந்தார். வீட்டு வாசலுக்குக் காரைக் கொண்டுவரவில்லை, தெருமுனையிலேயே நிறுத்தினார். அம்மா இறங்கி வந்துவிட்டாள். அவர் மட்டும் ஒரு வேப்பமரத்தடியில் நின்று, உடைந்த விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். உடைந்த விளக்கில் துடைக்க என்ன இருக்கிறது? இடித்துவிட்ட வெட்கத்தில்தான் வராமல் நிற்கிறார் என்று முடிவுகட்டி, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இரு, செத்தப் போகட்டும்" என்றார் அப்பா. "அவுக ரெண்டு பேரும் வீட்டைச் சுத்திப் பாக்கட்டும்."

வீட்டைப் பார்க்க எதற்கு அத்தனை நேரம் என்று அவருக்குப் பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.