அக்காவிடம் உதவி கேட்டு வந்தவர்

எமது அன்பு அக்கா தெல்தோட்டையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் லயன் காம்பரா ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவின் மறைவுக்குப் பின் எங்களைப் படிக்க வைத்து, தாம் திருமணமே செய்துகொள்ளாமல் முன்பள்ளி ஆசிரியையாக வாழ்ந்தார். யாரிடமும் எதையும் கேட்டறியாதவர்.

ஒரு பெருமழையில் மண் சரிந்து அக்காவின் வீடு புதைந்தது. உடுத்திருந்த உடையோடு, பாடசாலை வகுப்பறைகளில் அமைத்திருந்த நிவாரண முகாமுக்கு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, யாரோ கொடுத்திருந்த சேலையில் கோவிலுக்குப் போனார். அங்கே கண்டியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "அட, இது நான் குடுத்த சாரி! உங்களுக்கு நல்லா இருக்கே!" என்று எல்லார் முன்னிலையிலும் மகிழ்ந்து சொன்னார். அவர் மனதில் கள்ளமில்லை. அக்காவோ அதன்பின் வெளியே போகவில்லை. சாப்பாட்டு வரிசையில் நிற்கவும் மறுத்தார்.

"நீட்டி நீட்டிக் கை கூசுது தம்பி. யாரும் என்னைப் பார்க்காம இருந்தா போதும்."

நாங்கள் "தைரியமா இருங்க அக்கா" என்று சொல்லி, மேலும் சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

முகாமில் பக்கத்தில் தங்கியிருந்த முஸ்லிம் தாயொருவர் ஒருநாள் அக்காவிடம் வந்தார்.

"டீச்சர், மழைச் சத்தம் கேட்டா என்ட மக நடுங்குறா. நான் சொல்லிக் கேக்கிறா இல்ல. நீங்க கொஞ்சம் பாருங்களே."

"இந்தக் கோலத்துல புள்ளை முன்னால எப்படிம்மா நிக்கிறது? வெக்கமா இருக்கு."

"அவளுக்கு உங்கட கோலம் வெளங்காது டீச்சர். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்."

அக்கா எழுந்து போனார். சிறுமியை மடியில் இருத்தி, "எனக்கும் பயந்தான். ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம்" என்றாராம். மறுநாள் வேறு பிள்ளைகளும் வந்தார்கள். அந்த வகுப்பறை மூலையில் பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அக்காவும் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்.

வெட்கம் முழுதாக விட்டுப் போகவில்லை. பின்னர் கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருந்து மீண்டும் கற்பித்தபோதும், "சொந்த ஊர் எது டீச்சர்?" என்று யாராவது கேட்டால் தலை குனிந்துகொள்வார். மழை பெய்தால் உறக்கம் வராது. ஆயினும் காலையில் பிள்ளைகள் வருமுன் கதவைத் திறந்து வைத்திருப்பார். நோயுற்ற இறுதி நாட்களில் எங்கள் கையால் கஞ்சி குடிக்க முதலில் கூசினார். பிறகு மறுக்கவில்லை.

அக்காவுக்கு உடையும் உணவும் தந்தோருக்கும், நோயில் துணை நின்றோருக்கும், இறுதிக் கிரியைகளில் கலந்துகொண்ட அனைவருக்கும் எமது குடும்பத்தின் நன்றி. அக்காவிடம் உதவி கேட்க, கூடப் பிறந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைக் கேட்ட அந்தத் தாய், வளர்ந்துவிட்ட மகளோடு இறுதிக் கிரியைக்கு வந்து அக்காவின் காலடியில் நின்றார். அவர் முகத்தை எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்று வாய்விட்டுச் சொல்லாத நன்றியை இங்கே எழுதுகிறோம்.