சின்னோரே கண்ட காகம்

"அந்தக் குருவி பாக்கிற சின்னோரேயைப் பற்றி உனக்கென்னத்துக்கடி? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கமாட்டியோ?"

இப்படி ஏசினாலும் நீ விடமாட்டாய்; சரி, கேள். இத்தாலியில், பொலிதேயாமாப் பக்கம் நான் வீட்டுவேலை செய்த கிழவர் அவர்; சின்னோரே என்றால் அங்கே ஐயா. ஈர்க்குப் போல மெலிந்த உடம்பு, கழுத்தில் எந்நேரமும் பைனாகுலர். பல்கனியில் புறா வந்து குந்தினாலும் கொப்பியில் எழுதிவிடுவார்.

என் மனுசனின் திதிக்குப் படைத்த சோற்றை வருடா வருடம் அந்தப் புறாக்கள்தான் தின்றன. காகம் தொடாத சோறு அவருக்குப் போய்ச் சேருமா என்று எனக்கு மனம் ஆறவில்லை. தொண்ணூற்றேழில் சின்னோரே பூட்டான் மலைப் பள்ளத்தாக்குகளுக்குக் கொக்குப் பார்க்கப் புறப்பட்டார்.

"அங்கை காகம் இருக்கோ, சின்னோரே?"

"அந்த நாட்டு ராசாவின்ரை கிரீடத்திலையே காகத்தின்ரை தலை இருக்கு."

"அப்ப திதியண்டு எனக்காக ஒரு பிடி சோறு வையுங்கோ."

"கா, கா" என்று கூப்பிடவும் பழக்கி அனுப்பினேன்.

திரும்பி வந்து கொப்பியை விரித்தார். திதி நாளில் ஒரே வரி: காகம், ஒன்று. சாப்பிட்டது.

"கொக்குகள்?"

"நான் காகத்தைக் கூப்பிட்டுக்கொண்டு நிக்க, அதுகள் பறந்திட்டுது."

அவர் முகத்தில் ஒரு துளி கவலையில்லை. அது எப்படியென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அன்று பின்னேரமே அயலட்டைப் பெண்களுக்குச் சொன்னேன்: "உயிரோடை இருக்கேக்கை யாழ்ப்பாணத்தைத் தாண்டாத மனுசன், இப்ப விசாவுமில்லாமல் வதிவிடப் பெர்மெஸ்ஸோவுமில்லாமல் பூட்டானிலை போய்ச் சாப்பிட்டிட்டு வந்திட்டார்!"