அலையின் பள்ளத்தை எழுதியவள்

நேரில் பார்த்தால் அளவக்கா, முதுகுக்குப் பின்னால் அளவுக்காரி. இரண்டும் அவள் காதுக்கு வரும், இரண்டுக்கும் திரும்பி ஒரு முறை முறைப்பாள். இருபத்திரண்டு வருடமாக அவள் பார்த்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஆற்றுக்கு நடுவே இடிந்து நிற்கும் பழைய பாலத்தூணுக்குப் படகில் போய், அதில் அறைந்திருக்கும் அளவுப் பலகையைப் பார்த்து, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று எழுதிக்கொண்டு வருவது. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் இரண்டாம் தடவை அவளிடம் வாயைத் திறந்ததில்லை.

அந்த ஆறு ஓர் எல்லை. இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை வேறு நாடு. இரண்டு பக்கமும் பேச்சு மட்டும் ஒன்றுதான். அதனால் திட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை, வேறு பயன் எதையும் காணோம். அந்தக் கரை முழுக்க வயல். அவர்கள் மதகைத் திறந்து வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கரையில், ஆறு கடலில் சேரும் பக்கமாக, மீன் வளர்க்கும் கூண்டுகள். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடலின் உப்பு மேலேறி வந்து கூண்டு மீனை ஒரே வாரத்தில் தீர்த்துவிடும். வயல் குடித்தால் மீன் சாகும், மீன் பிழைத்தால் வயல் காயும். பல வருடம் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்ட பிறகு இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டன.

ஒப்பந்தம் எளிமையானது. கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை, காலை ஏழு மணிக்கு, இரண்டு கரையின் அளவுக்காரர்களும் தூணடியில் சேர்ந்து பலகையைப் பார்க்க வேண்டும். நூற்றெண்பதுக்குக் கீழே இருந்தால் அந்தக் கரை மதகைப் பத்து நாள் மூடியாக வேண்டும். நூற்றெண்பதோ அதற்கு மேலோ இருந்தால் திறந்து வைத்துக்கொள்ளலாம். இருவர் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதின புண்ணியவான் ஒரு காலை வேளையில் அந்தத் தூணடிக்கு வந்து பார்த்திருக்கலாம்.

காலையில் கடற்காற்று வீசும். தண்ணீர் பலகையில் ஒரே கோட்டில் நிற்காது, நாலு சென்டிமீட்டர் ஏறும், நாலு இறங்கும். நடுவை எழுத வேண்டும் என்பது விதி. அளவுக்காரி பள்ளத்தை எழுதுவாள். தண்ணீர் குறைவாகத் தெரிந்தால்தானே மதகு மூடும், தன் கரை மீன் பிழைக்கும். அந்தக் கரையிலிருந்து வருகிறவர், வெயிலோ மழையோ தலையில் ஒரு சாயம் போன தொப்பியோடு வரும் மனிதர், அவர் மேட்டை எழுதுவார். காரணம் சொல்ல வேண்டுமா?

அவள் நூற்றெழுபத்தைந்து என்பாள். அவர் நூற்றெண்பத்து மூன்று என்பார். கண்ணில் என்ன வைத்திருக்கிறாய் என்று இவள் கேட்பாள், உன் கண்ணை உன் தம்பியின் கூண்டிலேயே விட்டுவிட்டு வந்தாயா என்று அவர் கேட்பார். மறுபடி பார்க்க வேண்டும் என்று இவள் அடம்பிடிப்பாள். ஒரு தடவை ஒன்பது முறை பார்த்தார்கள். மதியம் ஆகிவிட்டது, படகோட்டி பசியில் சுருண்டு படுத்துவிட்டான். இவள் தொல்லை தாங்காமல்தான் கூட்டு நதி அலுவலகம் புது விதி ஒன்று போட்டது: இருவரும் தனித்தனிச் சீட்டில் எழுதி மடிக்க வேண்டும், ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும், பிரித்த பிறகு மறு பார்வை கிடையாது, பொதுப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பத்து நாளுக்கு மாற்றமும் கிடையாது.

ஆக, இருபத்திரண்டு வருடம் இவள் பள்ளம், அவர் மேடு. கூட்டிப் பாதியாக்கினால் கச்சிதமாக நடு. இரண்டு பேரும் பொய், சேர்ந்தால் நிஜம். இது இருவருக்கும் தெரியும், இருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ஒரு விழாவில் இருவரையும் மேடையேற்றி, ஒத்துழைப்புக்கு இவர்களே முன்மாதிரி என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். புகைப்படக்காரர் கைகுலுக்கச் சொன்னார். குலுக்கினார்கள். இறங்கி வந்ததும் இவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள், அவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையைத் தொப்பியில் துடைத்தார்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போனபோது அவனுக்கு இரண்டு வயது, இவளுக்குப் பதினைந்து. இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தாள். அவன் வளர்ந்து, தூணுக்குக் கீழே கடல் பக்கமாக ஆற்றில் கூண்டு போட்டு மீன் வளர்க்கத் தொடங்கிய பிறகு, பத்து நாளுக்கு ஒருமுறை இவள் படகு திரும்பும்போது கூண்டுப் பலகை மேல் நின்று, "அக்கா, எத்தனை?" என்று குரல் கொடுப்பான். இவள் எண்ணைச் சொல்வாள். சிரிப்பான், அல்லது அக்கரைக்காரர்களைத் திட்டுவான். தையற்கடை வைத்திருந்த கணவர் மிஷினை ஓட்டிக்கொண்டே இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் அவர் பங்கு அவ்வளவுதான்.

போன கோடையில் தொப்பிக்காரர் ஓய்வு பெற்றார். சனியன் ஒழிந்தது என்று அளவுக்காரி வீட்டில் சொன்னாள். அவருக்குப் பதிலாக முப்பது வயதுள்ள ஒருவர் வந்தார். நீர் அளவையில் பட்டம் வாங்கியவர், சட்டைப்பையில் இரண்டு பேனா, பேச்சில் மரியாதை. வணக்கம் சொன்னார். இவளுக்கு அதுவே பிடிக்கவில்லை.

முதல் நாள். அவர் பலகையைப் பொறுமையாகப் பார்த்தார், பத்து அலைகளை எண்ணினார், எழுதி மடித்தார். இவள் வழக்கம்போலப் பள்ளத்தைப் பார்த்து நூற்றெழுபத்தேழு என்று எழுதினாள். சீட்டைப் பிரித்தார்கள். அவர் எழுதியிருந்தது நூற்றெண்பத்தொன்று. மேட்டை எழுதியிருந்தால் நூற்றெண்பத்தைந்து வந்திருக்கும். அந்த மனிதர் விதிப்படி நடுவை எழுதிவிட்டார்.

கூட்டிப் பாதி நூற்றெழுபத்தொன்பது. மதகு மூட வேண்டும். நியாயமாக மூடக் கூடாது. அளவுக்காரிக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. புரிந்தும் உள்ளுக்குள் ஒரு துள்ளல் துள்ளியது என்பதை மறைப்பானேன்? கையெழுத்துப் போட்டாள். தம்பி எண்ணைக் கேட்டுவிட்டுக் கூண்டுப் பலகை மேல் குதித்தான். கரையில் ஆளாளுக்கு இவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அந்தக் கரையில் நடவு முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

மூடிய ஆறாம் நாள், தன் கரை அலுவலகத்துக்கான தினக் குறிப்பு எடுக்க இவள் தூணுக்குப் போனபோது, தூணின் ஏணியில் ஏற்கெனவே ஒரு படகு கட்டியிருந்தது. தொப்பிக்காரர். வேலையில் இல்லாதவர் தூணருகே வரக் கூடாது என்று இவள் ஆரம்பித்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ பள்ளத்தைப் பார்த்தே, நான் மேட்டைப் பார்த்தேன். ரெண்டும் சேர்ந்தாத்தான் தண்ணி. இப்ப வந்திருக்கிற ஆள் நடுவைப் பார்க்கிறார். நீ இன்னும் பள்ளத்துலயே நிக்கிறே."

"அவரை மேட்டைப் பார்க்கச் சொல்லு."

"சொன்னேன். படிச்சவர், கேட்க மாட்டேங்கிறார்." தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் அவர் வழுக்கைத் தலையை அவள் அன்றுதான் பார்த்தாள். "என்கிட்ட சண்டை போட்டே, சரி. சண்டைக்கே வராத ஆளை அடிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

என் கரைக்கு நான் வேலை செய்கிறேன், உன் கரைக்கு நீ என்னத்தைக் கிழித்தாய் என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். இன்னும் நிறையக் கொடுத்தாள். அவர் படகை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். போன பிறகும் இவள் வெறும் தூணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள், படகோட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆனால் அந்த வார்த்தை உறுத்தியது. அவளுக்குச் சண்டை பிடிக்கும், திருட்டுப் பிடிக்காது. மறுநாள் நேராகக் கூட்டு நதி அலுவலகத்துக்குப் போய் நின்றாள். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரியிடம், போன எண்ணில் பிழை இருக்கிறது, நான் பள்ளத்தை எழுதிவிட்டேன் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்த ஒரு தடவையா, இருபத்திரண்டு வருஷமாவா? எப்படின்னு நான் எழுதிக்கட்டும்?"

திருத்த வேண்டுமானால் இரு நாட்டுக் குழு கூட வேண்டும், அது மூன்று மாதம் கழித்துத்தான் கூடும், அதற்குள் மழையே வந்துவிடும் என்றார் அவர். சுவரில் அந்தப் பழைய கைகுலுக்கல் படம் மாட்டியிருந்தது. அதைக் காட்டி, இதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே வந்தாள்.

சரி, அடுத்த தடவை நானும் நடுவையே எழுதிவிட்டுப் போகிறேன், கணக்கு நேராகட்டும் என்று முடிவு கட்டினாள். அதை அந்தப் புது ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கரைக்காரனிடம் போய், இனி நான் ஒழுங்காக எழுதுகிறேன் என்று சொல்வதா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

பத்தாம் நாள் வந்தது. மேலே மழை இல்லாததால் மதகு மூடியும் ஆறு இறங்கித்தான் இருந்தது. புது ஆள் வணக்கம் சொல்லவில்லை. நெற்றியில் ஒரு காயம், சட்டைப்பையில் ஒரே பேனா, படகின் பக்கப்பலகை உடைந்திருந்தது. அவள் கவனித்தாள், கேட்கவில்லை. பத்து அலை எண்ணினாள், வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவை எடுத்தாள். நூற்றெழுபத்தொன்பது. மதகு இன்னும் பத்து நாள் மூடித்தான் இருக்க வேண்டும், அதுவே நியாயம். எழுதி மடித்தாள்.

பிரித்தார்கள். அவருடைய சீட்டில் நூற்றெண்பத்து மூன்று.

அவர் மேட்டை எழுதியிருந்தார். அவர் கரைக்காரர்கள் படகை மறித்து அடித்து, இனிமேல் மேட்டைத்தான் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவரும் இதை இவளிடம் சொல்லவில்லை; பிறகு ஊர்ப்பேச்சில்தான் இந்தக் கரைக்குத் தெரிந்தது. எதிரியிடம் யார் சொல்வார்கள்? இரண்டு பேரும் அவரவர் பக்கத்தை அன்றைக்கே நேர்செய்திருந்தார்கள். கூட்டிப் பாதி நூற்றெண்பத்தொன்று. மதகு திறக்கும்.

மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். மறு பார்வை கிடையாது, உங்களால் வந்த விதிதானே என்றார் அவர். அதில் கேலிகூட இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

"அக்கா, எத்தனை?"

சொன்னாள். அவன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீ எத்தனை எழுதினே?" என்று கேட்டான். அதுவரை அவன் அப்படிக் கேட்டதே இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருடம் அரசாங்கத்துக்கே சொன்னவள், தம்பியிடம் நிஜத்தைச் சொன்னாள்.

நாலாம் நாள் உப்பு ஏறியது. ஐந்தாம் நாள் காலையில் மூன்று கூண்டிலும் மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. அவள் கூடையோடு ஓடினாள், அள்ளிப்போட உதவலாம் என்று. தம்பி கையை நீட்டிப் படியிலேயே நிறுத்தினான்.

"அவங்க அடிச்சுக் கேட்டாங்க, அவர் எழுதினார். உன்னை யாரு அடிச்சா?"

அவளிடம் பதில் இருந்தது. தொப்பிக்காரர், வெட்கம், பள்ளம், மேடு, எல்லாம் வரிசையாக இருந்தது. செத்த மீன் நாற்றத்துக்கு நடுவே அதில் ஒரு வரியைக்கூட எடுக்க முடியவில்லை. கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். வழியில் யாரோ அக்கரைக்காரி என்று அவள் காதுபட விளித்தார்கள். திரும்பி முறைக்கவில்லை.

அடுத்த முறை வந்தது. மேலே மழை பெய்து ஆறு கொஞ்சம் ஏறியிருந்தது. சீட்டை எடுக்கும் முன்பே அளவுக்காரி புது ஆளைப் பார்த்துப் பேசினாள்.

"நீ மேட்டை எழுது. நான் பள்ளத்தை எழுதறேன்."

"ரெண்டு பேரும் நடுவையே எழுதலாமே. அதுதானே விதி?"

"நடுவை எழுதினா ரெண்டு கரையும் நம்மளை அடிக்கும். உன்னை மறுபடி எப்ப மறிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் எப்ப புத்தி மாறுவேன்னு உனக்குத் தெரியாது. இப்படி எழுதினா நம்ம நம்ம கரை நம்மளை விட்டுடும்."

"உங்களை நான் எப்படி நம்பறது?"

"நம்பாதே. நம்பாம எழுது. இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடிச்சு."

அவள் நூற்றெழுபத்தெட்டு எழுதினாள். அவர் நூற்றெண்பத்தாறு எழுதினார். பிரித்துப் பார்த்தார்கள். கண்ணில் என்ன வைத்திருக்கிறாய் என்று அவள் கேட்டாள், படகோட்டிகள் கேட்கும்படி, உரக்க. அவர் கொஞ்சம் திணறினார். பிறகு, உங்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று கத்தினார். பழக்கமில்லாத குரல். போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். கூட்டிப் பாதி நூற்றெண்பத்திரண்டு. ஆற்றிலும் அன்று நின்றது நூற்றெண்பத்திரண்டுதான். மதகு திறந்தே இருக்கும், யாருக்கும் அநியாயம் இல்லை.

படகு திரும்பியது. தம்பியின் காலிக் கூண்டுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அவன் ஒன்றின் மேல் உட்கார்ந்து, கிழிந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். படகு வருவதைப் பார்த்தான். அவள் துடுப்பை நிறுத்தச் சொன்னாள், காத்திருந்தாள். அவன் எத்தனை என்று கேட்கவில்லை.

"நூத்தியெண்பத்திரெண்டு," என்று அவளே சொன்னாள். "நான் எழுதினது நூத்தியெழுபத்தெட்டு."

அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் இன்னும் ஒருமுறை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பிறகு படகோட்டி தானாகவே துடுப்பைப் போட்டான்.